எலிக்காது இலை

குன்வோர் எதையும் லேசில் நம்பமாட்டாள். வானொலியில் சொல்லும் வானிலை, விதை மூட்டையில் அச்சிட்ட தேதி, எல்லாமே அவளுக்குச் சந்தேகம்தான். வட ஸ்வீடனில் லில்போர்ஸ் ஊர்க் கால்பந்து மைதானத்தின் புல் இருபத்தாறு வருஷமாக அவள் பொறுப்பு. போன வருஷம் ஒரே ஒரு முறை வெயிலை நம்பி மே முதல் வாரத்தில் விதைத்துவிட்டாள். மண்ணுக்குள் குளிர் விட்டிருக்கவில்லை. விதையில் பாதி அழுகிப்போயிற்று, மீதியைக் குருவிகள் தின்றன.

இந்த வருஷமும் கோல் கம்பத்தின் முன்னால் வெறும் மண் தெரிந்தால் பிளாஸ்டிக் புல் போட்டுவிடுவதென்று ஊர்க் கால்பந்துச் சங்கம் முடிவு செய்திருந்தது. ஜூன் கடைசியில் வரும் நடுக்கோடை விழாவுக்கு முந்தின நாள் வந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் புல்லுக்கு குன்வோர் எதற்கு? கையில் இருந்ததோ ஒரே மூட்டை விதை.

பிர்ச் மரத்தின் இலை எலிக்காது அளவுக்கு விரிந்தால் விதைக்கலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. மே பத்தாம் தேதி சங்கச் செயலாளர் ஸ்தூரே ஒரு கிளையோடு வந்தான்.

"அக்கா, எலிக்காது வந்தாச்சு! இன்னும் என்ன யோசனை?"

"எந்த மரத்துல ஒடிச்ச?"

"நம்ம வீட்டுப் பக்கம்தான்."

"உங்க வீட்டுப் பக்கம் ஏரியில இன்னும் ஐஸ் கெடக்கு. இலைக்கு மட்டும் குளிரலையா?"

கிளையைத் திருப்பிப் பார்த்தாள். அடிமுனை தண்ணீரில் ஊறிக் கொழகொழத்திருந்தது. கவட்டில் மஞ்சள் சாயம் போட்ட இறகுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வீடு பிர்ச் கிளையில் சாய இறகுகளைக் கட்டி ஜாடியில் வைப்பார்கள். வீட்டுச் சூட்டில் அது முன்னாலேயே துளிர்த்துவிடும்.

"இது மரத்துல துளிர்த்ததில்ல, தம்பி. உங்க சமையலறையில துளிர்த்தது."

ஸ்தூரேயின் காது சிவந்தது. "வீட்டுக்காரி எடுத்து வாசப்படியில போட்டிருந்தா... நான் கவனிக்கல அக்கா."

"ஆமாமா. பிளாஸ்டிக் புல் விக்கிறவன் உன் மச்சான்தானே?"

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்!"

மே பதினாறில் பனி கொட்டியது. மைதானத்தின் வடக்கோரப் பிர்ச் இலை விரிய இருபத்தொன்பதாம் தேதி ஆயிற்று. அன்றும் குளிர் விட்டதா என்று மண்ணில் உள்ளங்கையைப் பதித்து நூறு எண்ணிவிட்டுத்தான் விதைத்தாள். குருவிகள் கொத்தாமலிருக்க விதைமேல் வலையும் விரித்தாள்.

சங்கத்தார் வந்த அன்று கோல் முன்னால் பச்சை படர்ந்திருந்தது.

"வந்திருச்சு அக்கா!" என்றான் ஸ்தூரே.

குன்வோர் குனிந்து ஒன்றைப் பிடுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "புல்லுதான். களையோன்னு நெனச்சேன்."

பிளாஸ்டிக் பேச்சு அதோடு நின்றது. அந்தக் கிளை அவளுடைய கருவிக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. ஸ்தூரே உள்ளே வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள்.