இடது சீட்டுக்கு ஏற்ற ஸ்பிரிங்

எங்கள் சிவப்பு காரில் இரண்டே பேர்தான் உட்கார முடியும். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை என்றால் பாதி கார் காலி. என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ராலிக்குப் போவோம். பெரிய பந்தயம் ஒன்றுமில்லை. சொன்ன தூரத்தைச் சொன்ன நேரத்தில் கடக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஓட்டுவேன், அவர் இடது சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வார். "ரைட்டு வருது கண்ணு, இறுக்கமான ரைட்டு" என்று அவர் சொன்னால் என் கை தானாகத் திரும்பும். வீட்டில் பேசியதைவிட நாங்கள் காரில் பேசியதுதான் அதிகம் என்று என் நாத்தனார் கிண்டல் செய்வாள். அது உண்மைதான்.

ஆபரேஷன் முடிந்து வெகுநாள் கழித்து டாக்டர் சொன்னார்: காரில் போகலாம், ஆனால் தூக்கித் தூக்கிப் போடக்கூடாது. அந்தச் சமயம் பார்த்து காரின் பழைய ஷாக் அப்சார்பர்கள் நான்கும் எண்ணெய் கக்கிவிட்டன. எப்படியும் மாற்றித்தான் ஆகவேண்டும். நல்லதாகப் பார்த்துப் போட்டால் அவர் மறுபடியும் பக்கத்தில் உட்காருவார் என்று எனக்கு ஒரே நம்பிக்கை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் இல்லாத ராலிக்கு நான் போகப்போவதில்லை.

காயில்ஓவர் போடலாம் என்று முடிவு செய்தேன். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக வரும். காரின் உயரத்தையும் இறுக்கத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பேர்போன வகைகளின் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிப் போனை வைத்துவிட்டேன். விலை குறைந்தவற்றில் உருப்படியானது எது என்று தேட ஆரம்பித்தேன்.

எங்கள் கார் குழுவில் கேட்டது என் தப்பு. கேட்ட அடுத்த நிமிஷம் ஆளாளுக்கு ஒரு ஸ்பிரிங் நம்பர் சொன்னார்கள். முன்னால் எட்டு, பின்னால் ஆறு என்றார் ஒருவர். பத்துக்குக் குறைவாகப் போட்டால் அது காரே இல்லை, தொட்டில் என்றார் இன்னொருவர். எட்டு கிலோ ஸ்பிரிங் என்றால் அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டு கிலோ எடை வேண்டும். நம்பர் ஏற ஏற வளைவில் கார் சாயாது, பள்ளத்தில் நம் எலும்பு தாங்காது. பம்ப் வால்வுக்கு ஸ்பிரிங் வாங்கிப் பட்டறை நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அத்தனை ஆண்கள் ஒரே குரலில் சொல்லும்போது கொஞ்சம் ஆடித்தான் போனேன். கடைசியில் ஏழுக்கு ஐந்து என்று சமரசம் செய்துகொண்டேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காரையும் நன்றாகத் தாழ்த்தச் சொன்னேன்.

சூலூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டினோம். அதை நடத்துகிறவரும் ராலிக்கு வருகிறவர்தான், என்னை அக்கா என்பார். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன்.

"எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"பரவால்ல கண்ணு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இப்போது நினைத்தால் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் பரவாயில்லை என்ற சொல்லை நம்பி யாராவது ஒரு காரியம் செய்வார்களா? விருந்தில் உப்பில்லாத ரசம் ஊற்றினால் "பரவால்லீங்க". காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸில் காலை நசுக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டால், நொண்டிக்கொண்டே "பரவால்லீங்க". மரியாதையில் ஊறிய ஜனம். வலிக்கிறது என்று சொன்னால் எதிராளி மனசு சங்கடப்படுமே என்று, வலிக்கிறவர்தான் சங்கடப்படுவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். "ஊட்டுல வேலை கெடக்குது, நீ போய்ட்டு வா" என்றார். அதற்கடுத்த வாரம் யாரோ பார்க்க வருவதாகச் சொன்னார், யாரும் வரவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றார். முதுகு ஆபரேஷன் ஆனவர் தொட்டிக்குள் இறங்குகிறாராம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று ஆகிவிட்டதாக்கும் என்று கத்தினேன். அவர் சிரித்து மழுப்பினார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவர்தான் தக்காளிச் சாதம் செய்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

கோபம் ஆறிய பிறகுதான் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த இடது சீட்டில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மறுநாள் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "தம்பி, நீங்க ஓட்டுங்க, நான் அந்தப் பக்கம் உக்காந்து பாக்கறேன்" என்றேன்.

குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோட்டில் அவர் சாதாரண வேகத்தில்தான் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது பள்ளம் வருவது தெரியும், உடம்பு தயாராகிவிடும். இடது சீட்டில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் பள்ளத்தில் பல் கடித்துக்கொண்டது. இரண்டாவதில் 'டொம்' என்று அடிமுதுகில் யாரோ உதைத்தது போல இருந்தது. என் முதுகில் எந்த ஆபரேஷனும் இல்லை, எனக்கே மூச்சு நின்று வந்தது.

"எப்படீங்கக்கா இருக்குது?" என்று அவர் கேட்டார்.

"பரவால்லீங்க தம்பி" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இதைத் தாங்கிக்கொண்டு ஒரு சுற்று வந்த மனுஷனைப் பார்த்து அப்படிக் கத்திவிட்டேனே என்று அழுகையும் வந்தது. பாவம் அந்தத் தம்பி, தன் ஓட்டுதலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

காரைத் தூக்கிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஸ்பிரிங் இறுக்கம் ஒரு பக்கம் என்றால், என் அழகு ஆசை இன்னொரு பக்கம். தாழ்த்தியதில் ஷாக் அப்சார்பர் இறங்க இடமே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கடைசியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடித்துக்கொண்டிருந்தது. காரை உயர்த்தி, அதே தூணில் உட்காரும் இறுக்கம் குறைந்த ஸ்பிரிங் மட்டும் வாங்கி, ஐந்துக்கு மூன்று என்று மாற்றினோம். குழுவில் யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் பரவால்லன்னு சொல்லிப்போட்டேனுங்க. ஆனா உசுரு போற வலி" என்றேன்.

 "எனக்கும் அப்படித்தான் கண்ணு இருந்துச்சு" என்றார். "வலிக்குதுன்னு சொன்னா நீ கார வித்துப்போடுவே. உன்னையத் தெரியாதா எனக்கு."

வாஸ்தவம், விற்றிருப்பேன்.

அடுத்த ஞாயிறு மேட்டுப்பாளையம் போய் மலையில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். வேகத்தடைகளில் கார் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்தேன், முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி, பாக்குத் தோப்புகள் வரும் இடத்தில் ரோடு கொஞ்சம் மோசம்.

"நிறுத்து கண்ணு" என்றார். "வலிக்குது."

நிறுத்தினேன். புருஷன் வலிக்கிறது என்று சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் இறங்கித் தோப்போரமாக மெல்ல நடந்தார். நான் டிக்கியைத் திறந்து, பின்பக்க ஷாக் அப்சார்பர்களின் தலையில் இருக்கும், இறுக்கத்தை மாற்றும் குமிழ்களைக் கையாலேயே கொஞ்சம் திருப்பி இளக்கினேன். அவர் திரும்பி வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்குத் திருப்பிடலாமுங்களா?" என்றேன்.

அவர் போய் இடது சீட்டில் உட்கார்ந்து, இடுப்பை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன். முதல் வளைவு நெருங்கியபோது என் கண் ரோட்டைவிட்டு அவர் முகத்துக்குப் போய்விட்டது.

"இங்க என்னத்தப் பாக்கறே? வலிச்சாச் சொல்றேன்" என்றார். "ரோட்டப் பாரு கண்ணு. ரைட்டு வருது, இறுக்கமான ரைட்டு."