பட்டியலில் இல்லாத மகள்

போன மாதம் இறந்த அச்சகக்காரர், எங்கள் ஊர் வாரப் பத்திரிகையைத் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. ஒரு பெயரை விட்டுவிட்டார், அதில் தொடங்கியது.

மரண அறிவிப்புகள்தான் அவருக்கு அவசர வேலை. ஒரு வீட்டு அறிவிப்பை அடித்து முடித்ததும், துயருறும் குடும்பத்தாரின் பட்டியலை மட்டும் கலைக்கமாட்டார். ஈய எழுத்துகளை அப்படியே நூலால் கட்டி அலமாரியில் வைப்பார். அந்த வீட்டின் அடுத்த சாவுக்குப் பாதி வேலை மிச்சம்.

"ஊரையே கட்டி வெச்சிருக்கீங்க, அடுத்து யாரு போவாங்கன்னு பாத்துக்கிட்டு" என்பார் மனைவி.

மரக்கடைக்காரர் இறந்த காலையில் மூத்த மகன் எழுதிக் கொடுத்த தாளில் நான்கு வரி படித்தார். பெயர், வயது, தேதியை மாற்றினார். முந்தைய வருடம் மரக்கடைக்காரரின் மனைவி இறந்தபோது கட்டிவைத்த பட்டியலில் கணவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அடியில் சேர்த்தார். பத்து மணிக்குள் சுவரெல்லாம் ஒட்டியாயிற்று.

சாயங்காலம், சுவரில் ஒட்டிய அறிவிப்பு ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் வந்தார்.

"நான் யாருன்னு தெரியுதாண்ணே?"

"மரக்கடைக்காரர் பொண்ணுதானேம்மா."

"உங்களுக்குத் தெரியுது. சுவத்துக்குத் தெரியலையே."

விரும்பியவரைக் கட்டிக்கொண்டதால் தாயின் அறிவிப்பில் அண்ணன்கள் அவரைச் சேர்க்கவில்லை. கடைசிக் காலத்தில் தகப்பனார்தான் கூப்பிட்டு அனுப்பினார். தன் அறிவிப்பில் மகள் பெயர் இருக்க வேண்டும் என்று மகன்களிடம் வாக்கும் வாங்கியிருந்தார். அச்சகக்காரர் ஆணியில் குத்திய தாளை எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் வரியில் மகளின் பெயர்.

"அம்மா சாவுலயும் நான் இல்ல. அப்பா சாவுலயும் இல்லன்னா, நான் யாரு வீட்டுப் பொண்ணு?"

அடக்கம் முடிந்துவிட்டது. இனிச் சுவரில் ஒட்டினால் யார் நின்று படிப்பார்கள்?

மனைவி சொன்னார்: "திருத்தத்த மட்டும் போட்டா எவன் தொடுவான்? பஸ் நேரம் மாறினதப் போடுங்க. தண்ணி எப்ப வரும்னு போடுங்க. அதோட சேந்து இவ பேரும் வீட்டுக்குள்ள போகட்டும்."

அப்படியே ஒரு தாள் அடித்தார். மேலே மரக்கடைக்காரரின் அறிவிப்பு, ஒவ்வோர் எழுத்தும் புதிதாகக் கோத்தது. கீழே: "தவறு அச்சகத்தினுடையது, குடும்பத்தினுடையது அன்று." வீடு வீடாகத் தானே போய்க் கொடுத்தார். முதல் தாள் மகளுக்கு. வாசலில் நின்றபடியே படித்துவிட்டு அந்தப் பெண் கேட்டார்:

"அடுத்த வாரமும் வருமா?"

"எதுக்கும்மா?"

"நீங்க தப்பே பண்ணாத வாரம்னு ஒண்ணு இருக்கா?"

அடுத்த வாரமும் வந்தது. அலமாரியில் இருந்த கட்டுகளை அதற்குள் அறுத்திருந்தார்.

பத்திரிகையின் முதல் பக்க மூலை இன்றும் சென்ற வாரத் தவறுகளுக்குத்தான். அச்சகக்காரரின் மரண அறிவிப்புக்கு மெய்ப்புப் பார்த்தவர் மரக்கடைக்காரர் மகள். கடைசிப் பேரக்குழந்தைவரை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தபின்தான் அச்சுக்கு அனுப்பினார்.