பிளானின் மூலையில் ஒரு மீன்

சாந்தமேரி பிறந்தது மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். படிப்பு பள்ளிக்கூடத்து ஐந்தாம் பாரத்தோடு சரி. வாய் மட்டும் பல்கலைக்கழகம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கம்பிவலைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் கிராணி வேலை, கணக்கும் கடிதமும். வீட்டுத் தளம் போடும்போது சிமெண்டுக்குள் படுக்க வைப்பார்களே, அந்த வலை.

ஐந்து வருஷத்துக்கு முன்னே வெளிநாட்டு வலை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சொந்த ஊரில் விற்கிற விலைக்கும் கீழே இங்கே கொட்டினார்கள். அதற்குப் பேர் டம்பிங், தட்டிக் கேட்கச் சட்டம் உண்டு என்றார்கள். வர்த்தக அமைச்சு கொடுத்த விண்ணப்பப் பாரத்தைப் பார்த்ததும் மேனேஜர் பரமேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. அவன் ஊர் விலை, இங்கே விலை, உனக்கு நேர்ந்த பாதிப்பு என்று எண்பது பக்கம். சாந்தமேரிதான் மூன்று வாரம் உட்கார்ந்து நிரப்பினாள். வந்த வலைமேல் வரி விழுந்தது. நூற்று நாற்பது பேருடைய வேலை தப்பியது. முதலாளி கேக் வெட்டினார். சாந்தமேரி அக்காவுக்கு ஓரத்துத் துண்டு, கிரீம் கம்மி.

அப்புறம் அவள் கிராணி வேலையை விட்டு, கம்ப்யூட்டரில் பிளான் வரையக் கற்றுக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை பிடித்தாள். எந்த வீட்டுக்கு எந்த அளவு வலை, எங்கே வெட்டுவது என்று அதே தொழிற்சாலைக்கு வரைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. கூட ஷாமினி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளைவிட வேகமாக வரைகிற பெண். ஒவ்வொரு பிளானிலும், வடக்கைக் காட்டும் அம்புக்குள், எறும்பு அளவில் ஒரு மீனை ஒளித்து வைப்பாள் சாந்தமேரி. ஒருத்தரும் கண்டதில்லை. அதில் அவளுக்கு அப்படியொரு குஷி.

இந்த வருஷம் வேலை சொட்டுச் சொட்டாகி நின்றே போனது. "ஆர்டர் ஸ்லோ லா அக்கா," என்றார் பரமேஸ்வரன். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனால் அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து விளம்பர மெயில் வந்தது. மலேசியாவுக்கு ஒரு பிளான் அறுபது வெள்ளி, அதாவது ரிங்கிட்! சாந்தமேரி வாங்குவது நூற்றைம்பது. பொள்ளாச்சி பில்டர் வீட்டம்மா மாதிரி குரலை மாற்றிக்கொண்டு போன் போட்டாள்.

"ஏனுங்க, உள்ளூருக்கு என்ன ரேட்டுங்க?"

எடுத்த பெண் சொன்ன தொகை நம் காசுக்குத் தொண்ணூறு வந்தது.

"சரி லா," என்று மலேசியப் பேச்சு வாய் தவறி வந்துவிட்டது.

"என்னங்க?"

"மருமகன் மலேசியாவிலங்க, அவரு போனுங்க. நீங்க மலேசியாவுக்குச் செஞ்ச பிளான் ஒண்ணு சாம்பிள் அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு ஷாமினியைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "மாட்னான்டி! அவன் ஊர்ல தொண்ணூறு, இங்க அறுபது. இது டம்பிங் இல்லாம வேற என்ன?"

மறுநாளே பழைய பாரத்தின்படி எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு அமைச்சுக்குப் போனாள். அதிகாரி மாதவி பொறுமையாகப் படித்தாள்.

"கணக்கெல்லாம் சரிதான் அக்கா. ஆனா இந்தச் சட்டம் பொருளுக்கு மட்டும். பிளான் வரையறது சேவை. சேவைக்கு டம்பிங் வரி கிடையாது. நம்ம நாட்டுல மட்டுமில்ல, உலக வர்த்தக ஒப்பந்தத்துலயே அப்படி விதி இல்ல."

சாந்தமேரி விடவில்லை. பையிலிருந்து ஒரு பிளான் சுருளை எடுத்து மேசையில் டொம்மென்று போட்டாள். "இது கையில படுதா இல்லையா? இது பொருள் இல்லையா?"

"இந்தக் காகிதம் பொருள்தான். அவங்க மெயில்ல அனுப்புறாங்களே அக்கா."

கம்பி வந்தால் கேட்க ஆள் உண்டு, கோடு வந்தால் நாதி இல்லை. வெளியே வந்தவள் எல்ஆர்டி ரயிலில் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் போனில் சாம்பிள் வந்து விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். வடக்கு அம்புக்குள் மீன்.

அவளுடைய மீன். மேலே அந்தக் கம்பிவலைத் தொழிற்சாலையின் பேர். அவள் வரைந்த பிளானின் ஓரக்கட்டத்தையும் அம்பையும் அப்படியே கோயம்புத்தூருக்குத் தூக்கிக் கொடுத்து, அதற்குள் வேறு வீட்டை வரைய வைத்திருக்கிறார்கள். டம்பிங் என்று ஊரைக் கூட்டிய அதே தொழிற்சாலை!

வாரக் கடைசியில் பரமேஸ்வரனே கூப்பிட்டார். "அக்கா, அந்த வரிக்கு அஞ்சு வருஷம்தானாம், முடியப் போகுது. நீடிக்கணும்னா மறுபடி பாரமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். உங்கள விட்டா யாரு இருக்கா?"

"கோயம்புத்தூர்ல கேட்டீங்களா?"

"நேர்ல வாங்க அக்கா, பேசிக்கலாம்," என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை தொழிற்சாலைக்குப் போனவள் மீன் பிளானை அவர் முன்னால் விரித்தாள். "மலிவு இறக்குமதியால உங்களுக்கு நேர்ந்த பாதிப்பு என்ன? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"நூத்தி நாப்பது பேரு வேலை போயிரும் அக்கா."

"எனக்கு ரெண்டு பேரு. ஒருத்தி சக்கர நாற்காலியில இருக்கா."

பரமேஸ்வரன் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிளான் வேலையில பாதிய உங்களுக்குத் தர முதலாளி சம்மதிப்பாரு."

சாந்தமேரி பையிலிருந்து நாற்பது பக்கத்தை எடுத்து வைத்தாள். "இந்தாங்க, பாதி பாரம்."

பரமேஸ்வரன் எழுந்து உள்ளே ஓடினார். கதவுக்குப் பின்னால் முதலாளியின் சத்தம் உயர்ந்து, இறங்கியது. திரும்பி வந்தவர், "முழுசும் உங்களுக்குத்தான் அக்கா. ஆனா இந்த ஒரு வருஷத்துக்கு," என்றார்.

அவள் மறுபடி பைக்குள் கைவிட்டு மீதி நாற்பது பக்கத்தை எடுத்தாள். ஒரு கட்டம் விடாமல் எல்லாம் நிரப்பியிருந்தது.

"இத எப்ப எழுதுனீங்க?"

"திங்கக்கிழமையே லா, பழைய பாரத்தைப் பார்த்து. நூத்தி நாப்பது பேரு சோத்துல நான் விளையாடுவேனா?"