அப்பா ஓட்டிய வேனின் வேகம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் செய்ததை நான் மட்டும் வைத்துக்கொண்டால் அது நியாயமில்லை.

சென்ற ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணி. என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் வேன் டிரைவர். ஷிப்ட் முடிந்த பெண்களை நாட்றம்பள்ளிப் பக்கம் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அன்று சர்வீஸ் ரோட்டில் போகும்போது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை அழுத்தினார். வேன் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. நின்ற வேனின் முன்மூலையில் பைக் மோதியது. ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிந்தது.

"வேன் எம்பதுல வந்துச்சு" என்றார்கள் அவர் வீட்டார். "நாப்பதுக்கு மேல போகல" என்றார் அப்பா. வேனில் இருந்த ஜிபிஎஸ் கருவி இரண்டு வாரமாகப் பழுது. உள்ளே இருந்த பதினான்கு பெண்களையும் கேட்டார்கள்.

"நாங்க பேசிக்கினு வந்தோம் சார். மீட்டர யாரு பாத்தா?"

கம்பெனியின் வரம்பு ஐம்பது. திங்கட்கிழமை விசாரணை. அதுவரை அப்பா வேனைத் தொடக்கூடாது. வேகமாக வந்தார் என்று முடிவானால் வேலை போகும். போலீஸ் வழக்கும் அவர் தலையில் விழும்.

நான் தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். வேறொரு தொழிற்சாலையில், பதப்படுத்திய தோலைத் தரம் பார்த்து அளவு பதிகிறேன். எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பேன். அன்றும் நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்தேன். தெரிந்தவை: ரோட்டில் விழுந்த டயர் தடம், கடைசி வேகம் பூஜ்ஜியம். தெரியாதவை: முதல் வேகம், வண்டி நிற்க எடுத்த நேரம்.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. இயக்கச் சமன்பாடுகள் மூன்று. பரீட்சைக்காக மூன்றையும் மனப்பாடம் செய்தவள்தான் நான். எதற்கு மூன்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவற்றில் ஒன்றில் நேரமே வராது என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. v² = u² + 2as. அந்த u என் அப்பாவின் வேகம். அந்த a பிரேக்கை மிதித்த அவர் கால். s ரோட்டில் கறுப்பாகக் கிடக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் சக்கரம் சுழலாமல் தேய்ந்தால், ஒவ்வொரு நொடியும் வேகம் ஏறத்தாழ நொடிக்கு ஏழு மீட்டர் குறையும் என்று பழைய நோட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அப்பாவிடம் சொல்லிவிட்டு, வேலைக்குப் போகும் வழியில் டேப்பை விரித்துத் தடத்தை அளந்தேன். முப்பத்தொன்று. அளக்கும்போதே ஜெபித்தேன். "ஆண்டவரே, நாற்பது என்று வரவேண்டும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். எழுபத்தைந்து வந்தது.

மறுபடியும் போட்டேன். எழுபத்தைந்து. அப்பா பொய் சொல்கிறார். அப்படித்தான் நினைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன்.

மாலையில் வீட்டுக்குப் போனேன். "கணக்கு இன்னாம்மா வந்துச்சு?" என்று கேட்டார் அப்பா. அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் முடியலப்பா" என்றேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கிழிக்கக் கையும் வைத்தேன். முடியவில்லை. ஒருவருடைய கால் முறிந்திருக்கிறது. அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

முழங்காலில் நின்றேன். இந்த முறை எண் எதையும் கேட்கவில்லை. "நடந்தது எதுவோ அதைக் காட்டும். அது எதுவானாலும் தாங்கிக்கொள்ளப் பெலன் தாரும்." அவ்வளவுதான். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மனமும் லேசாகவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. என்னோடு வேலை செய்யும் நஸ்ரீன், நான் எழுதிய அளவுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"இன்னாடி இது? இந்தப் பார்ட்டி மீட்டர்ல கேட்டாங்க. நீ வழக்கம்போல அடி கணக்குல போட்டிருக்க. அடின்னும் எழுதல, மீட்டர்னும் எழுதல. வெறும் நம்பர் போட்டா எவனுக்குப் புரியும்? உன்னோட ஒரே பேஜாரு!"

பையிலிருந்த டேப்பை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊர்களில் தோல் என்றால் சதுர அடிதான்; சுருக்கமாக அடி என்போம். நாள் முழுக்க அடி, அடி என்றே எழுதிப் பழகிய கை. டேப்பின் ஒரு விளிம்பில் அடி, மறு விளிம்பில் மீட்டர். என் கண் தானாக அடிப் பக்கம் போயிருக்கிறது. முப்பத்தொரு அடியை முப்பத்தொரு மீட்டராக நினைத்துச் சமன்பாட்டில் போட்டிருக்கிறேன்.

முப்பத்தொரு அடி என்றால் ஒன்பதரை மீட்டர் கூட இல்லை. நஸ்ரீன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மணிக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர். பிரேக் இன்னும் பலமாகப் பிடித்திருந்தாலும் நாற்பத்தைந்தைத் தாண்டாது.

"திட்டுனதுக்கா அழற? லூசா நீ?" என்றாள் நஸ்ரீன்.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் இரண்டு கணக்கையும் வைத்தேன். தப்பானதையும் மறைக்கவில்லை.

"அப்பாவுக்காகப் போட்ட கணக்கு அப்படித்தாம்மா வரும்" என்றார் அவர்.

"நீங்களே வந்து டேப்பப் புடிங்க சார்."

வந்தார். தடம் மங்கியிருந்தாலும் இருந்தது. குனிந்து தானே அளந்தார், மீட்டரில். தன் போனில் கணக்குப் போட்டார். அடுத்த நாள் அப்பா வேலைக்குத் திரும்பினார். போலீசுக்கும் அந்த அளவே போனது. கால் முறிந்தவரை நாங்கள் போய்ப் பார்த்தோம். இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். அவருக்காகவும் நன்றி சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்த சாட்சி இதற்குப் பிறகுதான் நடந்தது. அப்பா வேலைக்குத் திரும்பிய அன்று மாலை அவரிடம் சொன்னேன். "ஒரு நாள் முழுக்க உங்கள நம்பலப்பா."

"தெரியும்மா. நீ மூஞ்சப் பாக்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஏம்ப்பா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லுவ? அதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன். வேலை போனா போவட்டும். என் புள்ள என்ன நம்பணும்."

நான் என் அறையில் முழங்காலில் நின்ற அதே நேரம், அவர் வெளியே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். எங்கள் இரண்டு ஜெபத்துக்கும் சேர்த்து ஆண்டவர் ஒரே பதிலைத் தந்தார், அதுவும் நஸ்ரீனின் திட்டாக.

அதுவரை நான் விடையையும் நானே எழுதி, கையெழுத்துக்காக ஆண்டவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி ஜெபிப்பதில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாராவது, நேசிக்கிற ஒருவரைப் பற்றிப் பயங்கரமான ஒரு எண்ணத்தோடு இன்று உட்கார்ந்திருக்கலாம். அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். உண்மையைக் காட்டும்படி தைரியமாகக் கேளுங்கள். அவர் காட்டுவார். அதற்கு நான் சாட்சி.