மருமகளோடு நடந்த மலை

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் பாருவில் நண்பர்களோடு ஃபுட்சால் ஆடிக்கொண்டிருந்தபோது என் மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. முப்பத்து மூன்று வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

கருமாதி முடிந்த பிறகும் மருமகள் மாதம் ஒருமுறை எங்கள் ஊர் லாபிஸுக்கு வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போவாள். அவளுக்குச் சிறுவயதிலேயே அப்பா இல்லை. அம்மா சிம்பாங் ரெங்கத்தில் இருந்தார். ஒருமுறை சாப்பிட்டு முடித்ததும், என் மகனும் அவளும் போவதாக இருந்த ஒரு பயணத்தைப் பற்றிச் சொன்னாள். தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் வழிகாட்டியோடு சில நாட்கள் மலையில் நடந்து, இன்கா மக்கள் அந்தக் காலத்தில் கட்டிவிட்டுப் போன கல் நகரத்தைப் பார்ப்பது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு அந்த ஆசை இருந்ததாம். எனக்கு அது தெரியாது. அனுமதிச் சீட்டை ஆள் பெயரில்தான் கொடுப்பார்களாம். அவன் பெயரில் இருந்ததை மாற்ற முடியாது, நான் வருவதாக இருந்தால் புதிதாக எடுக்க வேண்டும் என்றாள்.

"நான் எதுக்கும்மா? உன் கூட்டாளிங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

"தனியா போக எனக்குப் பயமில்ல மாமா. ஆனா அங்க போனா அவரப் பத்திப் பேச ஒரு ஆள் வேணும்."

அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. கோயில் படி ஏறுவதே கஷ்டம். மாமனாரும் மருமகளுமாக வெளிநாடு போவதைப் பற்றிச் சொந்தத்தில் இரண்டொருவர் ஒரு மாதிரியாகப் பேசியது என் மனைவியின் காதுக்கும் வந்தது. பேசுகிறவர்கள் பேசட்டும், நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பெட்டியில் நெத்திலி சம்பல் போத்தல் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே அவளே வைத்தாள்.

போவதற்கு முன் பல ஞாயிற்றுக்கிழமைகள் குளுவாங்கில் குனோங் லம்பாக் மலை ஏறிப் பழகினோம். தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவரை நிறைய நடந்தவன்தான் நான். ஆனாலும் ஓய்வு பெற்ற உடம்பு வேறு மாதிரி இருந்தது. மருமகள் முன்னால் ஏறி நின்று, "பெலான் பெலான் வாங்க மாமா, அவசரம் இல்ல" என்பாள்.

பெருவில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது நடுத்தர வயதுப் பெண். அந்த ஊர் ஆங்கிலம் பேசினார். கூடாரமும் அடுப்பும் சுமந்த ஆட்கள் எங்களைத் தாண்டி ஓட்டமாகப் போவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது சூப்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஆற்றங்கரையை ஒட்டிய முதல் நாள் பாதை சுலபம். அன்று முழுக்க அவனைப் பற்றியே பேசினோம்.

நான் அவனுடைய சிறுவயதைச் சொன்னேன். லாபிஸ் ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போனால் தன்மேல் கோபம் என்று நினைத்து அழுவான். நாய்க்குப் பயந்து டியூஷனுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். அவள் எனக்குத் தெரியாதவனைச் சொன்னாள். சிங்கப்பூரில் முதல் வேலை போனபோது எங்களிடம் மறைத்து, கூடத் தங்கியிருந்தவர்களுக்கும் தெரியாமல் தினமும் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சல் வந்தால் அம்மா ரசம் வேண்டும் என்பானாம். இவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு, ஆனா அது இல்ல என்பானாம். நாங்கள் சிரித்தோம். அவன் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் உயரமான கணவாய். இறந்த பெண்ணின் கணவாய் என்று அதற்குப் பெயர். படிக்கட்டு முடிவதாகவே இல்லை. தலை விண்ணென்று தெறித்தது. இரண்டு படி ஏறினால் மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தது. மூச்சு முட்டாமல் இருக்க வழிகாட்டி கொக்கா இலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். கசந்தது. இவரால் முடியுமா என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, அவளிடம், இவர் உன் அப்பாவா என்று கேட்டார். அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. ஆமாம், என் அப்பா என்றாள். எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க அந்த இடத்தில் யாருக்கும் மூச்சு இல்லைதான். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போய்ச் சேர்ந்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மேகத்துக்குள்ளேயே நடந்தோம். மரங்களில் பாசி தொங்கியது. காலையில் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்து, இத முன்னாடியே சொல்லிட்டேன்ல என்று நிறுத்தினாள். கொஞ்ச தூரம் போனதும் நானும் அப்படித்தான் ஒன்றைத் தொடங்கி நிறுத்தினேன். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது, எல்லாம் தீர்ந்துவிட்டது. இனிப் புதிதாக ஒன்றும் வராது. வீட்டிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் சரிவில் படிப்படியாகக் கட்டியிருந்த ஒரு பழைய இடத்துக்கு வந்தோம். கூரை இல்லாத வீடுகள், கீழே ஆறு. கூட வந்தவர்கள் படமெடுக்கப் போனார்கள். நாங்கள் ஒரு சுவரோரம் உட்கார்ந்தோம்.

"மாமா, ஒரு விசயம் சொல்லணும்" என்றாள். அவளோடு வேலை செய்கிற ஒருவர், மூவார்க்காரர், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். இவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

என் மகன் எனக்கு இரண்டாவது தடவை இறந்துபோனான். அப்படித்தான் இருந்தது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, இது என்றைக்காவது வரும் என்று நானும் என் மனைவியும் பேசியிருக்கிறோம், வரவேண்டும் என்றுகூடப் பேசியிருக்கிறோம். ஆனாலும் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. கீழே இருந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லவரா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லவர் மாமா. நான் உங்க மகனப் பத்திப் பேசுனா உக்காந்து கேக்குறாரு."

மறுநாள் கல் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலிருந்து முழு ஊரையும் பார்க்கும் வாசல் ஒன்று உண்டு. அங்கே எங்களுக்குப் பனிமூட்டம்தான் கிடைத்தது. இறங்கிப் போகப் போக, சுவர் சுவராக, கதவில்லாத வாசலாக அது கிட்டத்தில் வந்தது. அவன் பார்க்க ஆசைப்பட்டது இதுதான். வழிகாட்டி கல்லோடு கல் பொருந்தியிருப்பதைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். தூறல் போட ஆரம்பித்தது. பக்கத்தில் பார்த்தால் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேம்மா" என்றேன்.

அவள் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். சேறு அப்பியிருந்த சப்பாத்து அது. அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முழுக்க நறுக்கி முடித்த பிறகு, தாரை வார்க்க அவளுக்கு அப்பா இல்லையே என்றாள். அதை என் மனைவிதான் முதலில் நினைத்தாள், நான் இல்லை.

கல்யாணம் மூவாரில் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்து இன்னொருவர் கையில் வைத்தேன். என் மனைவி வரவில்லை. "நீங்க போங்க. என்னால பாக்க முடியாது" என்று சொல்லி, ஒரு பட்டுப்புடவையை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

இப்போது அவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை. லாபிஸுக்கு வருவது குறைந்துவிட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்டி வருவது லேசில்லை. மகனின் திதிக்கு மட்டும் தவறாமல் காலையிலேயே போன் வரும். போன வருடம் வரவில்லை. படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, நாங்கள் சாப்பிட்டோம். என் மனைவி போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தாள். சாயங்காலம் அதை எடுத்துச் சார்ஜில் போட்டாள்.

மறுநாள் காலை மருமகள் அழைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், நாளே நினைவில்லை என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். என் மனைவி வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அழாதம்மா. புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு? ரசம் வச்சுக் குடு. நான் சொல்றேன், எழுதிக்க" என்றாள்.