பையில் முப்பது காசு

வாத்தியார் வேலையில் வாய்ப்பாடு சொல்லித்தருவது சுலபம். கலந்த காசுக் கணக்குதான் ஆளை விழுங்கும். இதில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக வாத்தியார்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கொட்டி எண்ணு

எங்கள் தீவில் சென்ட்ர் டி ஃப்ளாக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் கொட்டகை. கரும்புத் தோட்டத்து ஜனங்களுக்கு ஞாயிறுதோறும் அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஒரு பையில் இருபது காசு. சில பத்து சதம், சில இருபது சதம். மொத்தம் இரண்டு ரூபாய் எண்பது சதம். எது எத்தனை?" காய்கறி விற்கும் அஞ்சலையக்கா பலகையைக் கீழே வைத்துவிட்டார். "பையைக் கொட்டி எண்ணிட்டாப் போச்சு. இதுக்குப் போயி மண்டையை ஒடைச்சுக்கணுமா வாத்தியாரே?"

உன் கூலி

அதே கொட்டகையில் படித்த வீரப்பனால் அப்படி விட்டுவிட முடியாது. கரும்பு வெட்டும்போது முழங்காலில் கத்தி பட்டு, வயலில் குனிய முடியாமல் தவித்தான். கரும்பு எடைபோடும் இடத்தில் கணக்கெழுதும் வேலை காலியாக இருந்தது. தோட்டத்துத் துரை வைக்கும் பரீட்சையில் தேறினால் அது அவனுக்கு. இல்லையென்றால் மறுபடி வயல்தான்.

பையும் காசும் அவன் தலையில் ஏறவே இல்லை. "பையை விடு. அது உன் கூலின்னு நெனைச்சுக்கோ," என்றேன். மளமளவென்று போட்டுவிட்டான். எல்லாம் பத்து சதமென்றால் இரண்டு ரூபாய். குறைகிற எண்பது சதத்துக்கு எட்டுக் காசை இருபது சதமாக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "என் காசுன்னா தப்பு வராது வாத்தியாரே," என்றான்.

பத்தொன்பது

பரீட்சைக்கு முந்தின வாரம் அவன் மகள் காய்ச்சலில் கிடந்தாள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். நேர்ந்துகொண்டவர்கள் கூலி வாங்கியதும் முதலில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்துவிடுவது எங்கள் வழக்கம். அதைத் தன் காசென்று யாரும் எண்ணுவதில்லை.

பரீட்சையன்று துரை பிரெஞ்சில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: முப்பது காசு, நான்கு ரூபாய். "இருபது சதம் பத்து, பத்து சதம் பத்தொம்பது," என்றான் வீரப்பன். இன்னொன்று எங்கே என்றார் துரை. "அது முருகனுக்கு முடிஞ்சாச்சு," என்றான். அதைச் சொன்னால் துரை சிரிப்பாரே என்று எனக்கு வெட்கம். கணக்கில் தவறிவிட்டான் என்று மட்டும் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். துரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே நொண்டிக்கொண்டு வந்தவனுக்கு என்மேல் கோபம்கூட இல்லை, குழப்பம்தான். "நீங்கதானே வாத்தியாரே, உன் கூலின்னு நெனைச்சுக்கோன்னு சொன்னீங்க?"

திங்கட்கிழமை அவன் வயலுக்குப் போனான். கணக்குத் தெரிந்தவன் என்று நான் பள்ளிக்கூடம் போனேன்.