ஷோகேஸில் நின்ற மலை

லண்டன் நோர்பரியில் செபஸ்தியாம்பிள்ளையின் கடைக்கு நீங்கள் பருப்பு வாங்கத்தான் போவீர்கள். ஆனால் ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மலையைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியாது. சாமான் பையை உங்கள் கையில் தராமல் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கிவிடுவார். பை அவரிடம் இருக்கும்வரை எங்கே ஓடுவது?

மலையின் பெயர் றாபென்லை. ஒரு கிராமத்துக்குப் பின்னால் தெற்குப் பார்த்து நிற்கும் ஒரே ஒரு சரிவு. "அங்கை நல்ல வைன் எண்டா ஊரின்ர பேரோடை சரிவின்ர பேரும் போத்தல்ல இருக்கும். ஆத்துக்கு இந்தப் பக்கம் நீலக் கல்லு, அந்தப் பக்கம் சிவப்புக் கல்லு. ரெண்டிலையும் றீஸ்லிங் எண்ட ஒரே திராட்சைக் கொடிதான். ஆனா குடிச்சா ரெண்டும் ரெண்டு" என்பார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார். "என்ர மலையை, கண்ணைக் கட்டிப்போட்டுத் தந்தாலும் நான் சொல்லுவன்."

மன்னாரிலிருந்து அகதியாகப் போனவர் அவர். ஊரில் மலையையே கண்டதில்லை. அந்த ஜெர்மன் கிராமத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, பறித்த திராட்சையை முதுகுக்கூடையில் சுமந்து சரிவிலிருந்து இறக்குவது. வீட்டுக் கூரை மாதிரிச் சரிவு. காலடியில் மண்ணே இல்லை. சின்ன வயதில் எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகையை உடைத்துப் பரப்பியதுபோல எங்கும் நீலக் கல். மழை பெய்தால் கல் சரிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். அதை வாளியில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இப்படியும் ஒரு வேலையா என்று முதல் வருடம் அவருக்கு அழுகையே வந்தது. பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் கொடிக்குக் கொடுக்கிறது, மற்றத் திராட்சையெல்லாம் பழுத்து முடிந்த பிறகும் றீஸ்லிங் அந்தச் சூட்டில்தான் மெல்லப் பழுக்கிறது என்று அடுத்த வருடம் புரிந்தது. ஐப்பசிக் குளிரில் வேலை முடிந்ததும் அவரும் அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். பியற்றிஸைக் கட்டியதும் அங்கேதான். அவள் வெட்டுவாள், இவர் சுமப்பார். மகள் மெலனியும் அங்கேதான் பிறந்தாள்.

பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டன் வந்தபோது, ஊரில் அவரோடு சேர்ந்து படித்தவர்களெல்லாம் இங்கே எங்கேயோ உயரத்துக்குப் போயிருந்தார்கள். "படிக்கிற வயசை ஒரு மலையில துலைச்சுப்போட்டு வந்திருக்கிறாய்" என்று அவருடைய அண்ணன் ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அது நெஞ்சில் தைத்துவிட்டது. தொலைக்கவில்லை, அது என் நாக்கில் இருக்கிறது என்பதுதான் செபஸ்தியாம்பிள்ளை கண்டுபிடித்த பதில். அந்த வயது வீணாகவில்லை என்று சொல்ல அவருக்கு இருந்த ஒரே சாட்சி அந்த ருசி. கடைக்கு வருகிறவர்களின் பையைப் பிடித்து வைத்துக்கொள்வதெல்லாம் அதனால்தான்.

அந்த ஜெர்மன் ஊரை விட்டு வரும்போது தோட்டத்து முதலாளி ஒரு றாபென்லை போத்தலைக் கையில் கொடுத்தார். அது நேராக ஷோகேஸுக்குள் போனது. நம்மவர் வீட்டு ஷோகேஸுக்குள் போன பொருள் வெளியே வருமா? பாவிக்காத தேநீர்க் கோப்பைகளுக்கும் அந்தோனியார் சொரூபத்துக்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றது. மெலனியின் கல்யாணப் பேச்சு முற்றானால்தான் திறப்பது என்று முடிவு. வாராவாரம் தூசி துடைத்தது பியற்றிஸ்.

கல்யாணம் முற்றானது. மாப்பிள்ளை டெனுசன் நல்ல பொடியன். இவருடைய மலைக் கதையை முழுதாகக் கேட்டவன் என்பதே போதும். கேட்டதோடு நிற்காமல், கோடையில் மெலனியோடு அந்த ஊருக்கே போய், அதே தோட்டத்து வைன் இரண்டு போத்தல் வாங்கி வந்தான். ஒன்று எதிர்க்கரைச் சிவப்புக் கல் றீஸ்லிங். மற்றது ஆற்றோரத்து வண்டல் மண்ணில் விளையும் முல்லர்-துர்காவ். சீக்கிரம் பழுக்கிற, சாதாரண, மெல்லிய வாசமுள்ள திராட்சை அது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டதும் டெனுசன் சிரித்துக்கொண்டே கேட்டான். "அங்கிள், கண் கட்டத் தேவையில்லை. சில்வர் பேணியில ஊத்தித் தாறன். உங்கட மலை எது எண்டு சொல்லுங்கோ."

"விடு தம்பி, சாப்பிட்ட வாய்" என்றாள் பியற்றிஸ் அவசரமாக. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

குசினியில் மெலனி ஷோகேஸ் போத்தலைத் திறந்தாள். தக்கை பாதியில் உதிர்ந்தது. தேத்தண்ணி வடியில் வடித்தாள். மூன்று பேணிகள் வந்தன. பேணிக்குள் நிறம் தெரியாது. செபஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து முதலாவதை ஒரு மிடறு குடித்தார். "எதிர்க்கரை. சிவப்புக் கல்லு" என்றார். டெனுசன் கை தட்டினான். இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனதும் முகம் கோணியது. "இதுக்குள்ளை ஆரோ மண்ணெண்ணெய் ஊத்திப்போட்டாங்கள். பகிடி விடுறியளோ?" குடிக்காமலே தள்ளி வைத்தார்.

மூன்றாவதைக் குடித்தார். கண் கலங்கிவிட்டது. "இதுதான். இதுதான் என்ர மலை. கல்லில இருந்து பாணும் சூப்பும் சாப்பிடேக்கை குடிச்சது. அதே வாசம், பியற்றிஸ்."

மெலனி டெனுசனைப் பார்த்தாள். டெனுசன் மேசையைப் பார்த்தான். அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்பா... அது ஆத்தோரத்து வைன். மண்ணெண்ணெய் எண்டு தள்ளினீங்களே, அதுதான் உங்கட போத்தல். பழைய றீஸ்லிங் அப்பிடித்தான் மணக்குமாம்."

செபஸ்தியாம்பிள்ளையின் கை பேணியை விடாமல் இருந்தது. கடைசியில் மனைவியிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றாள் பியற்றிஸ். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வைன் ஊத்தி அனுப்ப முதலாளின்ர மனுசிக்கு நான்தானே உதவிக்குப் போறனான். பீப்பாவில எந்தக் காணி எண்டு எழுதியிருக்கும். மலையில விளைஞ்சதை வேலைக்காரருக்கு ஆர் குடுப்பினம்? அது போத்தலில அடைச்சு விலைக்குப் போயிடும். எங்களுக்கு எப்பவும் ஆத்தோரத்து வைன்தான்."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கட அண்ணை சொன்னதுக்குப் பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது?"

மலையில் நின்று குடித்ததால் அதை மலையின் வைன் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். அத்தனை வருடம் சுமந்து இறக்கிய மலையை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஆத்திரம், கிளம்பியது. ஆனால் யாரிடம் காட்டுவது?

"அந்தப் போத்தலைச் சிங்குக்குள்ளை ஊத்து பிள்ளை" என்றார் மெலனியிடம்.

"ஊத்தாதை" என்றாள் பியற்றிஸ். எழுந்து போய் ஒரு வெறும் பேணியை எடுத்து வந்து நீட்டினாள். "இவ்வளவு காலம் தூசி துடைச்சது நான். அந்தத் திராட்சையை வெட்டினதும் நான். எனக்கு அந்த மலையை ஊத்து."

மெலனி ஊற்றினாள். பியற்றிஸ் நின்றபடியே குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இஞ்சேருங்கோ, நல்லாத்தான் இருக்கு" என்றாள், ஆச்சரியப்பட்ட குரலில்.

செபஸ்தியாம்பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தள்ளி வைத்த பேணியை இழுத்து எடுத்து, ஒரு மிடறு வாயில் வைத்தார். உடனே விழுங்கவில்லை. முதலில் மண்ணெண்ணெய். அதற்குப் பின்னால் புளிப்பு. அதற்கும் பின்னால் தேன் போல ஒன்று, மெதுவாக வந்து, போக மறுத்தது.

"மண்ணெண்ணெய்தான்" என்றார். பேணியைக் காலி செய்துவிட்டு மருமகனிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ, தம்பி."